காரணமில்லாமல் ஏறிய சுருதி

சிலாபம்
2 ஜூலை 2024

அன்புள்ள பேதுரு,

நாம் இருவரும் சேர்ந்து முதல் பாட்டை எழுதிய நாட்களில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "டீச்சர், பாட்டு முடிஞ்சுது எண்டு ஆர் சொல்றது? சொல் எழுதினவரா, மெட்டுப் போட்டவரா?" நான் பாடசாலை மணியை உதாரணம் காட்டினேன். மணி அடித்தால் நேரம் முடிகிறது, பாடம் முடிவதில்லை. கடைசி வரிசை வாங்கில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் பாடம் முடிகிறது என்றேன். "அப்ப எங்கட பாட்டு ஒருநாளும் முடியாது" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

நேற்று றிஸ்மின் பாலாவி ஸ்டூடியோவிலிருந்து "மூடி வச்ச சோறு" பதிவை என் போனுக்கு அனுப்பினான். கேட்டேன். எனக்குக் கேட்க நிறைய மிச்சமிருக்கிறது.

நாம் பேசி முடிவெடுத்த அமைப்பு இது. முதல் சரணத்தில் ஒரு பெண் புருஷனுக்குச் சோறு மூடி வைக்கிறாள். ஆள் பிந்தி வருகிறான் என்று நினைக்கிறோம். இரண்டாம் சரணத்தில்தான் அவன் இத்தாலியில் இருக்கிறான் என்று தெரிகிறது. இரண்டுக்கும் பிறகு அதே பல்லவி, "நீ வந்தா சாப்பிடுவம்" என்ற அதே கடைசி வரி. பிறகு வேறு மெட்டில், ஒரே ஒரு தடவை வரும் நடுத்துண்டு. பையன்கள் பிரிட்ஜ் என்கிறார்களே, அது. அவள் இத்தாலிக்குப் போன் எடுக்கிறாள், அங்கே ஒரு பிள்ளை பேசுகிறது:

தெரியாத பாஷையில ஒரு பிள்ளை கதைச்சிச்சு
எனக்கு விளங்கினது ஒரே சொல்லு
பப்பா குளிக்கிறாராம்
பப்பா எண்டா எந்த ஊரிலயும் பப்பாதான்

அதன்பிறகு பல்லவி சுருதியில் ஒரு கட்டை மேலே ஏறும். கடைசி வரி மாறும்: "பசிச்சிச்சு, நான் சாப்பிட்டிட்டன்." ட்ரம்ஸ், கிட்டார், எல்லாம் அந்த இடத்தில் நிற்கும். மெட்டுப் போட்ட அன்று உங்களுக்கே மயிர் கூச்செறிந்தது.

இப்போது நடுத்துண்டு இல்லை. கடைசி வரி மாறவில்லை. அதே பல்லவி திரும்பத் திரும்ப வந்து, சத்தம் தேய்ந்து போகிறது. ஆனால் சுருதி மட்டும் ஏறுகிறது. பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று குரலை உயர்த்தினால் நாம் எழும்பிப் போய் என்ன நடந்தது என்று பார்ப்போம் அல்லவா? நானும் போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. துடைத்து வைத்திருக்கிறது.

ஒரு மாதமாக ஒத்திகைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் அனுப்பிய செய்திகளைப் படித்துவிட்டுப் பதில் போடவில்லை. நீர்கொழும்பில் ஒரு குழு புதுப் பாட்டுத் தேடுகிறது என்று கேள்வி. எனக்கு நல்ல எண்ணம்தான் வரவேண்டும் என்று முயற்சி செய்கிறேன், வரவில்லை. போனில் பதில் இல்லாததால் இதைக் கற்பிட்டி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அனஸ்தாசியா

*

கற்பிட்டி
6.7.2024

டீச்சருக்கு,

கடிதம் வந்தது. கண்டக்டர் சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, "பேதுரண்ணே, சிலாபத்தில இருந்து லவ் லெட்டர்" என்று கத்தினான். மீன் கடையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தடவை உறையில் "மருந்துச் சீட்டு" என்று எழுதிவிடுங்கள்.

பாட்டு நீளமாகப் போய்விட்டது. அதனால் வெட்டினேன். வேறு ஒன்றும் இல்லை.

முடிவைப் பற்றிப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் கல்யாண வீட்டிலும் திருவிழா மேடையிலும் வாசிக்கிறவர்கள். எங்கள் ஷோவில் எந்தப் பாட்டுக்கு முடிவு இருக்கிறது? ட்ரம்ஸ் ஒரு உருட்டு உருட்டும், அடுத்த பாட்டு விழும். ஆடுகிறவனின் காலை நிற்பாட்டினால் போத்தலால் எறிவான். சுருதி ஏறினது ஒரு எடுப்புக்கு.

நீர்கொழும்புக்காரருக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. மாதா திருவிழாவுக்கு ஆகஸ்ட் பதினைந்தில் எங்கள் மேடையில் மகள் டிலுக்ஷி பாடுவாள். அவ்வளவுதான்.

இனி எழுதுவதென்றால் கடதாசியிலேயே எழுதுங்கள். போன் வீடெல்லாம் சுற்றுகிறது. டிலுக்ஷிக்கு இந்தப் பாட்டைப் பற்றி ஒன்றும் அனுப்ப வேண்டாம். ஒத்திகைக்கும் வர வேண்டாம், வெயில்.

பேதுரு

*

சிலாபம்
10 ஜூலை 2024

அன்புள்ள பேதுரு,

நீளம் என்கிறீர்கள். எடுத்தது நாலு வரி. அந்த இடத்தில் சேர்த்தது இரண்டு முழுப் பல்லவி. பாட்டு முன்னையதைவிட நீண்டிருக்கிறது. நான் கணக்குப் படிப்பித்தவள் என்பதையாவது நினைத்திருக்கலாம்.

முடிவே வேண்டாம் என்கிறீர்கள். மேடையில் சரி. அங்கே பாட்டு ஒரு ரயில் பெட்டி, முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று வரும். பதிவு அப்படியல்ல. ஒருத்தி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு தனியாகக் கேட்பாள். அவளுக்குப் பின்னால் அடுத்த பெட்டி இல்லை. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிச் சத்தத்தைக் குறைப்பதும் ஒரு முடிவுதான், தப்பில்லை. ஒன்றுமே மாறாத வாழ்க்கையைச் சொல்லும் பாட்டுக்கு அது பொருந்தும். ஏதோ நடந்துவிட்ட பாட்டுக்கு அதைப் போட்டால், எங்கள் பழைய பங்குச் சாமியார் "இறுதியாக" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்குவாரே, அதுபோல் இருக்கும். சனம் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் சந்தேகம்.

றிஸ்மினோடு பேசினேன். முதலில் நழுவினான். "டீச்சர், நான் பட்டன் அமத்துற ஆள். எனக்கிட்ட ஏன் கேக்குறீங்க?" பிறகு மெல்லச் சொன்னான். "மியூசிக் எல்லாம் எடுத்து முடிஞ்சி, தங்கச்சி பாட வாறதுக்கு முந்தின நாள், அண்ணன் தனியா வந்தாரு. அந்தத் துண்ட வெட்டுங்க எண்டாரு. நல்லாத்தானே இருக்கு, ஏன் அண்ணே எண்டு கேட்டன். வெளிய போய் சீமெந்து லொறியப் பாத்துக்கிட்டு நிண்டாரு."

லொறி பார்க்கிற ஆளா நீங்கள்?

அப்படியானால் டிலுக்ஷிக்கு நடுத்துண்டு என்று ஒன்று இருந்ததே தெரியாது. அதை அவளிடமிருந்து மறைத்திருக்கிறீர்கள். நான் போன் எடுத்தாலும் அவள் கையில் கிடைத்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். என் சொல்லில் என்ன விஷம் இருக்கிறது, சொந்த மகள் பாடக்கூடாத அளவுக்கு? சனிக்கிழமை நான் பாலாவிக்கு வருகிறேன். றிஸ்மின் வெட்டியதை எறிந்துவிடவில்லையாம். அவளைப் பாட வைத்துத் திரும்பச் சேர்ப்போம்.

அனஸ்தாசியா

*

கற்பிட்டி
12.7.2024

டீச்சர்,

சனிக்கிழமை வராதீர்கள்.

யார் உங்களுக்குச் சொன்னது? அதை முதலில் சொல்லுங்கள். றிஸ்மினின் மச்சான் ஒருவன் இத்தாலியில் இருக்கிறான். அவனா? இல்லாவிட்டால் சிலாபத்தில் கோயில் முடிந்து கூடி நின்று கதைப்பார்களே, அந்தப் பெண்களா?

ஜூன் மாதம் இத்தாலியிலிருந்து லீவில் வந்த ஒருவன் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். "மாமா, கோவிக்காதீங்க. ஜூட் அங்க ஒரு பொம்பிளையோட இருக்கிறான். பிள்ளையும் இருக்கு. இப்ப எழும்பி நடக்குது." ஜூட் என் மருமகன் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் அங்கிருந்து போன் எடுத்தால் டிலுக்ஷி முகத்தைக் கழுவிவிட்டு வந்து பேசுகிறவள் என்பதும் தெரியும்.

நீங்கள் அந்த நாலு வரியை என் கையில் தந்தது மே மாதம். நான் கேள்விப்பட்டது ஜூனில். ஆகவே உங்களுக்கு எனக்கு முன்னமே தெரியும். எனக்குச் சொல்லவில்லை. பாட்டாக எழுதினீர்கள். அதற்கு என்னையே மெட்டுப் போட வைத்தீர்கள். என் மகளின் வாயாலேயே, ஊர் முழுக்க இருக்கும்போது, முன் வரிசையில் ஜூடின் அம்மா இருக்கும்போது, பாட வைக்கப் பார்த்தீர்கள்.

நல்ல பாடம் படிப்பித்தீர்கள் டீச்சர். மெட்டுப் போட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது உண்மைதான். இப்போதும் கூச்செறிகிறது.

அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. திருவிழா முடியட்டும், நான் வேறு வழி பார்க்கிறேன்.

பேதுரு

*

சிலாபம்
15 ஜூலை 2024

பேதுரு,

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நம்புவது கடினம் என்று தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன். அந்த வரிகள் எப்படி வந்தன என்பதை மட்டும் சொல்கிறேன், பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.

இரண்டு தடவை ஒரே பல்லவி வந்துவிட்டது. மூன்றாவது தடவை அதே பல்லவி வந்தால் கேட்கிறவருக்குப் புதிதாக ஒன்று வேண்டும். அதற்கு வெளியிலிருந்து ஒன்று உள்ளே வரவேண்டும், வந்தால் திரும்பிப் போகக்கூடாது. கணவன் செத்துப் போகலாம். அது எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. வேறொரு பெண் போனை எடுக்கலாம், அதுவும் இருக்கிறது. அந்தப் பெண்ணைவிடச் சின்னதாக, குற்றமே இல்லாததாக ஒன்று வேண்டும் என்று யோசித்தேன். திட்டக்கூட முடியாத ஒன்று. அப்படித்தான் பிள்ளை வந்தது. கறியில் எது குறைகிறது என்று நாக்கில் வைத்துப் பார்த்து உப்புப் போடுவதுபோல் போட்டேன். இந்தக் கரையில் இத்தாலியில் ஆள் இல்லாத வீடு எது? எந்த வீட்டில் போட்டாலும் யாருக்காவது எரியும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டை யோசிக்கவில்லை. அது உண்மை.

நீங்கள் பாட்டைக் களவெடுக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன். நான் உங்கள் வீட்டைக் களவெடுத்தேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நல்ல கூட்டாளிகள்.

உங்கள் மகள் இருக்கும் இடத்தில் அந்தத் துண்டு வேண்டாம். எடுத்துவிடுங்கள். ஆனால் எடுப்பதென்றால் முழுதாக எடுங்கள். சுருதியையும் இறக்குங்கள். இரண்டாம் பல்லவியோடு நிற்பாட்டினாலும் போதும். அது வெறும் காத்திருக்கும் பாட்டாக இருக்கும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இப்போது இருப்பதுபோல் விட்டால், சுவரில் படம் கழற்றிய இடம் வெள்ளையாகத் தெரிவதுபோல் தெரியும். டிலுக்ஷி பாடுகிறவள். காது பிடிக்காததைத் தொண்டை பிடிக்கும்.

ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. மே மாதத்தில் அவளுக்குச் சரணங்களை வாசித்துக் காட்டினேன். "இவ ஏன் டீச்சர் ஒவ்வொரு நாளும் சோத்த மூடுறா? நாய்க்காவது போடலாமே" என்று கேட்டாள். நான் சிரித்தேன். இப்போது அது வேடிக்கையாகப் படவில்லை. அவளுக்குத் தெரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது?

அனஸ்தாசியா

*

கற்பிட்டி
29.7.2024

டீச்சருக்கு,

சுருதியை இறக்க நேரம் கிடைக்கவில்லை.

நேற்று திருவிழாவுக்காகப் பாலாவியில் ஒத்திகை. பதிவைப் போட்டு அதோடு பாடினாள். மூன்றாவது பல்லவியில் நின்றுவிட்டாள்.

"அப்பா, இதில ஏன் மேல போறம்?"

"சும்மா. ஒரு எடுப்புக்கு."

"மேல போறதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும். இல்லாட்டி தொண்டைதான் போகுது, பாட்டுப் போகேல்ல."

நான் கிட்டாருக்குச் சுருதி கூட்டுகிறதுபோல் குனிந்துகொண்டேன். அவள் றிஸ்மினின் கம்பியூட்டருக்குக் கிட்டப் போனாள். "இதில என்ன கோடு? வெட்டின மாதிரி இருக்கு."

றிஸ்மின் என்னைப் பார்த்தான். "தங்கச்சி, நான் தேத்தண்ணி சொல்லிட்டு வாறன்" என்று எழும்பிப் போனவன், தேத்தண்ணியும் இல்லை, ஆளும் இல்லை.

பிறகு எனக்கு வழி இருக்கவில்லை. நாலு வரியையும் சொன்னேன். யார் எனக்கு என்ன சொன்னான் என்பதையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்துத் துவாயைத் தேடினேன். அவள் அந்த வரிகளைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டுச் சொன்னது இது:

"டீச்சர் பிழையா எழுதியிருக்கிறா. பிள்ளை போன் எடுக்கேல்ல அப்பா. அவர்தான் எடுத்தார். பிள்ளை பின்னால அழுதிச்சு. ஆர்ட பிள்ளை எண்டு கேட்டன். டிவி எண்டார்."

எப்போது என்றேன். ஈஸ்டருக்காம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றாள். நாங்கள் இருவரும் அந்தச் சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தோம். உப்பு லொறி ஒன்று போனது.

வீட்டுக்கு வந்து தானே எழுதியிருக்கிறாள்:

பின்னால ஒரு பிள்ளை அழுதிச்சு
டிவி எண்டு சொன்னாய்
டிவிய நிப்பாட்டு எண்டன்
அழுகை நிக்கேல்ல

இதைத் திருவிழாவில் பாடப் போகிறாளாம். கடைசி வரி எது என்று கேட்டேன், டீச்சர் மாற்றி எழுதின "சாப்பிட்டிட்டன்" வரியா, பழைய "சாப்பிடுவம்" வரியா என்று. "அதை நான் மேடையில பாத்துக்கொள்ளுறன்" என்கிறாள். நான் இருபது வருடம் மேடையில் நின்றவன். மேடையில் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவன் பெயரைச் சொல்லிவிட்டால்? அழுதுவிட்டால்? ஜூடின் அம்மா எழும்பிப் போய்விட்டால்?

நீங்கள் சொன்னால் கேட்பாள். அமைதியாக முடியும் ஒரு முடிவை எழுதி அனுப்புங்கள். ஒன்றும் வெளியே தெரியாத மாதிரி.

இன்னொன்றும் கேட்கவேண்டும். ஈஸ்டருக்கு அவள் உங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்று உங்களிடம் சொன்னாளா? உண்மையைச் சொல்லுங்கள். கோவிக்கமாட்டேன்.

பேதுரு

*

சிலாபம்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பேதுரு,

சொல்லவில்லை. தொதல் பலகாரம் கொண்டுவந்தாள், என் வீட்டு அலுமாரிக் கதவைச் சரிசெய்து தந்தாள், வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்துப் பகிடி விட்டாள். அவ்வளவுதான். நீங்கள் இதையும் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, நாம் இருவரும் இனிக் கொஞ்ச நாளைக்கு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால்தான் பார்ப்போம். அப்படியும் பாட்டு எழுதலாம்.

அவளுடைய நாலு வரியை இன்று காலையிலிருந்து வாசிக்கிறேன். என்னுடையதை எடுத்துவிடுங்கள். என் வரிகளில் வரும் பெண்ணுக்கு எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது. பிள்ளை வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. அவளுடைய வரிகளில் ஒருவரும் ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. அழுகை நிற்கவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் விடையை மட்டும் எழுதும் பிள்ளை ஒன்று இருக்கும், கணக்கைச் செய்து காட்டும் பிள்ளை ஒன்று இருக்கும். நான் விடையை எழுதினேன். அவள் செய்து காட்டியிருக்கிறாள். அதன்பிறகு சுருதி ஏறினால் காரணம் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நீங்கள் கேட்ட அமைதியான முடிவை எழுத உட்கார்ந்தேன். மூன்று எழுதினேன். ஒன்றில் அவள் மன்னிக்கிறாள். ஒன்றில் விளக்கை அணைக்கிறாள். ஒன்றில் பழைய வரியே திரும்ப வருகிறது. மூன்றும் சந்தத்துக்குச் சரியாக உட்காருகின்றன. மூன்றும் யாருக்காக எழுதப்பட்டவை என்று பார்த்தேன். முன் வரிசைக்காக. அவளுக்காக ஒன்றுகூட இல்லை. அனுப்பமாட்டேன்.

ஜூடின் அம்மா மேடைக்கு முன்னால் இருந்து முதல்முறையாக அறிவது சரியில்லை. அவவும் ஒரு தாய்தான். அதைச் சொல்லவேண்டியது பாட்டின் வேலை அல்ல, நம்முடைய வேலை. ஞாயிறு பூசைக்குப் பிறகு நான் அங்கே வருகிறேன். டிலுக்ஷி சம்மதித்தால் நீங்களும் நானும் அவவுடைய வீட்டுக்குப் போய், கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நேரே சொல்வோம். கதவைச் சாத்தினால் திரும்பி வருவோம். அதன்பிறகு திருவிழாவுக்கு வருவதும் வராமல் விடுவதும் அவவுடைய விருப்பம்.

இனி என் சந்தேகம். மேடைச் சத்தத்தையும் றிஸ்மின்தான் பார்க்கிறானாம். அந்த இடம் வரும்போது மைக்கைக் குறைக்கச் சொல்லி அவனிடம் கேட்டீர்களா? நான் அவனிடம் விசாரித்தேன். "டீச்சர், உம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்ல, பொறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான். அவனுடைய உம்மாவை நேற்றுத் தில்லையடியில் கடையில் கண்டவர்கள் இருக்கிறார்கள். மைக் இல்லாவிட்டால் ட்ரம்ஸுக்குக் கண் காட்டுவீர்கள். அதுவும் இல்லாவிட்டால் கிட்டாரைச் சத்தமாக அடித்து அவள் சொல்லை மூடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்வீர்கள்.

அவள் ஈஸ்டரிலிருந்து தன்னைத் தனியாகவே காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். உங்களையும் சேர்த்து. ஒரு வரியை அவள் கையில் விடலாம்.

பதினைந்தாம் திகதி, கடைசிப் பல்லவியின் கடைசி வரிக்கு முன்னால் எல்லாரும் வாசிப்பதை நிறுத்துங்கள். உங்கள் கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தொங்க விடுங்கள். அவள் பாடி முடித்து, மைக்கை விட்டு விலகும்வரை கையைத் தூக்காதீர்கள்.

அனஸ்தாசியா